‘சென்றான்’ என்பதைப் ‘போனான்’ என்று வாசித்தவள்

கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கணக்கெடுப்புக்குப் போனேன். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரிகிறதா என்று பார்க்கிற வேலை. இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு துணிப்பை, கிளிப் வைத்த பரீட்சை அட்டை, நாலு பக்கத்தில் நாலு நிலை அச்சடித்த ஒரு வாசிப்புத்தாள், கையெழுத்துப் போட நீலப் பேனா. சாத்தூரிலிருந்து மினிபஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வருகிற ஊர். களத்தில் மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்தார்கள், ஊருக்குள் நுழைந்ததுமே எனக்கு நாலு தும்மல்.

மூன்றாவது வீடோ நான்காவது வீடோ. திண்ணையில் ஒரு பாட்டி, பக்கத்தில் மூன்றாம் வகுப்புப் படிக்கிற பேத்தி. “வாசிச்சுக் காட்டு தாயி, அக்கா கேக்குறாகல்ல” என்று பாட்டி முதுகில் தட்டினார். அந்தப் பிள்ளை தாளைக் கையில் வாங்கியது. அதில் இருந்த பத்தியை நினைவிலிருந்து எழுதுகிறேன், ஏறக்குறைய இப்படித்தான்:

ராமு காலையில் எழுந்தான். அவன் தோட்டத்துக்குச் சென்றான். அங்கே மரத்தில் பழங்கள் இருந்தன. பறவைகள் பழங்களைத் தின்றன.

அவள் வாசித்தது இது:

ராமு காலைல எந்திரிச்சான். அவன் தோட்டத்துக்குப் போனான். அங்க மரத்துல பளம் இருந்துச்சு. குருவிக பளத்தத் தின்னுச்சு.

எனக்குப் பயிற்சியில் சொன்னது தெளிவாக மனசில் இருந்தது. பத்தியில் மூன்று தப்புக்கு மேல் போனால் அடுத்த கீழ்நிலைக்கு இறக்கு, தனிச்சொற்களைக் காட்டு. நான் இறக்கினேன். தனிச்சொற்களைப் பட்பட்டென்று வாசித்தாள். ‘சொல்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பாட்டி “நல்லாப் படிக்குதா?” என்று கேட்டார். “இன்னும் கொஞ்சம் படிக்கணும் பாட்டி” என்று சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வீட்டில் ஒரு பையன், அதே வகுப்பு. அதே பத்தியை ஓர் எழுத்து பிசகாமல், ‘இருந்தன’, ‘தின்றன’ எல்லாம் செய்தி வாசிக்கிறவர் மாதிரி உச்சரித்து, ஒரே மூச்சில் வாசித்து முடித்தான். பெரிய கதையையும் வாசித்தான். ‘கதை’ என்ற உச்சக் கட்டத்தில் டிக். கிளம்பும்போது சும்மா, விதியில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன். “ராமு எங்கேடா போனான்?” பையன் என்னைப் பார்த்தான். தாளைப் பார்த்தான். நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்திருந்தேன். “மறுபடி வாசிக்கட்டுமாக்கா?” என்றான்.

அன்றைக்கு அது எனக்கு ஒன்றுமாகப் படவில்லை. வெயில், பசி, இன்னும் பன்னிரண்டு வீடு பாக்கி.

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் தெருவிலேயே மாலையில் சில பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோதுதான் அந்தப் பிள்ளை ஞாபகத்துக்கு வந்தாள். ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அந்தப் பத்தியில் மொத்தம் 13 சொற்கள். அச்சில் இருந்தபடியே அவள் வாசித்தது இரண்டுதான்: ‘ராமு’, ‘அவன்’. மிச்சம் பதினொன்றும் என் அட்டையில் தப்பு. ஆனால் அந்தப் பதினொன்றில் இந்த இரண்டு ‘தப்பை’ மட்டும் பாருங்கள். தாளில் இருந்தது ‘தோட்டத்துக்குச் சென்றான்’. அவள் சொன்னது ‘தோட்டத்துக்குப் போனான்’. ‘சென்றான்’ என்பதைப் ‘போனான்’ என்று மாற்றியவள், அதற்கு முன்னால் இருக்கிற ஒற்றையும் ‘ச்’சிலிருந்து ‘ப்’புக்கு மாற்றியிருக்கிறாள். அதாவது ‘தோட்டத்துக்கு’ என்று வாய் சொல்லி முடிக்கிறதற்குள் கண் அடுத்த வார்த்தைக்குப் போய், அதைப் படித்து, அர்த்தம் எடுத்து, தன் வீட்டுப் பேச்சுக்கு மாற்றி, அதற்கேற்ற சந்தியையும் தயார் பண்ணி வைத்துவிட்டது. எட்டு வயசு. நான் அதை இரண்டு பிழை என்று கணக்கெழுதினேன்.

தமிழில் இந்தச் சிக்கல் மற்ற பல மொழிகளைவிடக் கூர்மையாக வரும். நாம் பேசுகிற தமிழும் எழுதுகிற தமிழும் ஒன்றில்லை. ‘வந்தார்கள்’ என்று நம் வீட்டில் யாரும் சொல்வதில்லை, ‘வந்தாங்க’ அல்லது ‘வந்தாக’. பள்ளிக்கூடத்துக்கு வருகிற பிள்ளை எழுத்தை மட்டும் கற்றுக்கொள்வதில்லை. தன் மொழிக்கு இன்னொரு வடிவம் உண்டு என்பதையும் சேர்த்துக் கற்கிறது. எழுத்துத் தமிழைக் கண்ணில் வாங்கிப் பேச்சுத் தமிழாக வாயில் விடுகிற பிள்ளை இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பாலத்தைக் கடந்துவிட்டது. உரக்க வாசிக்கச் சொல்லிப் பிழை எண்ணுகிற எந்த முறையும் அந்தப் பிள்ளையைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிடும்.

இதே சங்கடத்தை நியூயார்க்கில் 1960களில் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் எதிர்கொண்டார். ஹார்லெம் பகுதிக் கறுப்பினப் பையன்களின் பேச்சில், இறந்தகாலத்தைக் காட்ட ஆங்கில வினையின் கடைசியில் வருகிற அந்த ‘ட்’ ஒலி பெரும்பாலும் உதிர்ந்துவிடும். புத்தகத்தில் அந்த விகுதி இருக்கும், பையன் விட்டுவிட்டு வாசிப்பான். அவனுக்கு அந்த எழுத்து தெரியவில்லையா, இல்லை தெரிந்தும் தன் பேச்சு வழக்கில் சொல்கிறானா? லபோவ் ஒரு தந்திரம் செய்தார். ஆங்கிலத்தில் ‘வாசி’ என்ற வினைக்கு நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல். உச்சரிப்புதான் ‘ரீட்’, ‘ரெட்’ என்று மாறும். முன்னால் ஒரு வினையில் அந்த இறந்தகால விகுதியை வைத்து, பின்னால் இந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் அமைத்தார். விகுதியைப் பையன் வாயால் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. பின்னால் ‘ரெட்’ என்று வாசித்தால் அவன் கண் விகுதியைப் பிடித்திருக்கிறது. எல்லாப் பையன்களும் அதில் தேறிவிடவில்லை. ஆனால் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி கிடைத்தது. என் கையில் இருந்த தாளில் அப்படி எதுவும் இல்லை. சரி, தப்பு. அவ்வளவுதான்.

இந்த இடத்தில் யாராவது என்னை மடக்கலாம். “எழுத்தையே பார்க்காமல் குத்துமதிப்பாக ஓட்டுகிற பிள்ளைகளும் இருக்கிறார்களே, அவர்களையும் இப்படித்தான் தூக்கிப் பிடிப்பாயா?” இருக்கிறார்கள். என் மாலை வகுப்பிலேயே ஒருத்தன் இருந்தான், ‘கு’ என்று பார்த்தவுடன் ‘குரங்கு’ என்பான், அது ‘குதிரை’யாகவும் இருக்கும், ‘குடம்’ ஆகவும் இருக்கும். வாசிப்பு என்பதே ஒருவகை ஊக விளையாட்டு என்று கென்னத் குட்மேன் 1967இல் எழுதிய கட்டுரை அமெரிக்கப் பள்ளிகளில் பெரிய அலையைக் கிளப்பியது. அதை நம்பி எழுத்து சொல்லிக்கொடுப்பதையே பின்னுக்குத் தள்ளியவர்கள் பிறகு கையைச் சுட்டுக்கொண்டார்கள். எழுத்து தெரியாமல் வாசிப்பு இல்லை. அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனால் ‘குடம்’ என்பதைக் ‘குரங்கு’ என்று வாசிப்பதும், ‘சென்றான்’ என்பதைப் ‘போனான்’ என்று வாசிப்பதும் ஒரே சாதிப் பிழை இல்லை. எண்ணிக்கையில் இரண்டும் ஒன்று ஒன்றுதான்.

அடுத்தது வேகம். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சொல்.

இது எங்கிருந்து வந்தது என்றால், பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து. அமெரிக்காவில் ஆங்கிலம் வாசிக்கிற பிள்ளைகளுக்காக வளர்ந்த முறை, 2006 வாக்கிலிருந்து ஏழை நாடுகளுக்காக ஒரு சோதனையாக வடிவெடுத்து ஆப்பிரிக்கா, ஆசியா எங்கும் போனது. ஸ்டாப்வாட்சை அமுக்கு, 60 நொடி, நிறுத்து, எண்ணு. இந்தியாவில் 2021 ஜூலையில் ஆரம்பித்த நிபுண் பாரத் திட்டத்தின் இலக்கிலும் அது இருக்கிறது: இரண்டாம் வகுப்பு முடிக்கிறபோது நிமிஷத்துக்கு 45 முதல் 60 சொல், மூன்றாம் வகுப்பில் குறைந்தது 60.

60 சொல். எந்த மொழியில்?

ஹிந்தியில் ‘அவள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள்’ என்று சொல்ல ‘வஹ ஸ்கூல் ஜா ரஹீ தீ’ என்பார்கள். ஐந்து சொல். நமக்கு மூன்று. ஹிந்திப் பிள்ளை ‘ஜா’, ‘ரஹீ’, ‘தீ’ என்று மூன்று குட்டிச் சொல்லில் மூன்று மதிப்பெண் எடுக்கிற இடத்தில் நம் பிள்ளை ‘போய்க்கொண்டிருந்தாள்’ என்று பத்தெழுத்து மலையேறி ஒரு மதிப்பெண் வாங்குகிறது. அதுகூடப் பரவாயில்லை. அதையே அச்சுக் கோப்பவர் ‘போய்க் கொண்டிருந்தாள்’ என்று நடுவில் ஓர் இடம் விட்டிருந்தால் இரண்டு சொல் ஆகிவிடும். ‘போய்க் கொண்டு இருந்தாள்’ என்று பிரிக்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள், அவர்கள் கையில் மூன்று. பிள்ளை வாசித்த வேகம் ஒன்றுதான். கணினியில் இடைவெளிப் பொத்தானை ஒருத்தர் எத்தனை தடவை தட்டினார் என்பதை வைத்து எங்கோ ஒரு பிள்ளை ‘இலக்கை எட்டியவர்’ ஆகிறாள், இல்லை ஆகாமல் போகிறாள். (பிழை திருத்துகிற வேலையில் இருக்கிற என் தோழியிடம் இதைச் சொன்னேன். “எங்களை இதுக்கும் திட்ட ஆரம்பிச்சாச்சா” என்றாள்.)

இதை யாரும் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2022இல் என்சிஇஆர்டி நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வு 20 மொழிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து வாசிக்கச் சொன்னது. மொழிக்கு மொழி தனித்தனி வேக அளவு வகுத்தது. எல்லா மொழிக்கும் ஒரே எண் செல்லாது என்பதை ஒப்புக்கொண்டதாகத்தான் இதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் சுவரொட்டியிலும் பயிற்சிக் கையேட்டிலும் ஒருமுறை ஏறிவிட்ட 60 சுலபத்தில் இறங்குமா? வட்டமான எண்ணுக்கு ஆயுசு கெட்டி.

உச்சரிப்பு பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். அந்தப் பிள்ளை ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்றாள் என்று தப்பு போட்ட நானும் அன்றைக்கு வரைக்கும் ‘பளம்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ‘வாழைப்பலம்’ என்பார்.

சரி, இங்கிலாந்துக்குப் போவோம். அங்கே 2012 முதல் ஒன்றாம் ஆண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு, அதாவது ஐந்தாறு வயசுக்காரர்களுக்கு, ஓர் ஒலிப்புச் சோதனை நடக்கிறது. 40 சொற்கள். அதில் 20 அர்த்தமே இல்லாத பொய்ச்சொற்கள். ஏன் பொய்ச்சொல் என்றால், மனப்பாடமாகத் தெரிந்த சொல்லாக இருந்தால் பிள்ளை எழுத்தைக் கூட்டுகிறதா, பார்த்த பழக்கத்தில் சொல்கிறதா என்று தெரியாது. யோசனை நியாயமானதுதான். சிக்கல் என்னவென்றால், நிறையப் படிக்கிற சில பிள்ளைகள் அர்த்தமில்லாத சொல்லை ஏற்க மாட்டேன் என்கின்றன. அச்சுப் பிழையாக இருக்கும் என்று நினைத்து, தெரிந்த சொல்லாகத் திருத்தி வாசித்துவிடுகின்றன. அங்கே ஆசிரியர்கள் இதைச் சொல்லிச் சொல்லிப் புலம்பினார்கள்.

ஆனால் அந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. தேற 32 வேண்டும். முதல் இரண்டு வருஷம் இந்த எண் ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே தெரியும். சோதனை நடத்துகிறவரும் மதிப்பெண் போடுகிறவரும் அதே ஆசிரியர். முடிவை வரைபடமாகப் போட்டுப் பார்த்தால் 30, 31 என்று வருகிற இடத்தில் பள்ளம். 32இல் செங்குத்தாக ஒரு கம்பம். நாடு முழுக்க இருக்கிற பிள்ளைகள் எப்படியோ 31இல் நிற்காமல் 32க்கு ஒரு காலைத் தாண்டிவைத்துவிட்டார்கள். 2014இல் தேர்ச்சி எண்ணைச் சோதனை முடிகிற வரைக்கும் சொல்லவில்லை. கம்பம் வெகுவாகச் சுருங்கிப்போனது. தேர்ச்சி எண் அந்த வருஷமும் 32தான்!

அந்த ஆசிரியர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 31இல் நிற்கிற பிள்ளை ‘ம்ம்…’ என்று இழுக்கிறது. ஆறு வயசு. இன்னொரு நொடி பொறுக்க மாட்டீர்களா? ‘பழம்’, ‘பளம்’ இரண்டில் எதைச் சொன்னது என்று சந்தேகம் வந்தால் சந்தேகத்தின் பலனை யாருக்குக் கொடுப்பீர்கள்? இது ஒரு முனை. மறுமுனை அமெரிக்காவின் அட்லாண்டா. மதிப்பெண்ணோடு ஆசிரியர் வேலையும் பள்ளிக்கூடத்தின் பெயரும் பிணைக்கப்பட்ட ஊர். விடைத்தாளில் பிள்ளைகள் தப்பாகக் கருப்படித்த வட்டங்களை அழித்துச் சரியானதைக் கருப்படித்ததில் 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் சம்பந்தப்பட்டிருந்ததாக மாநில விசாரணை அறிக்கை 2011இல் சொன்னது. 2015இல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பும் வந்தது. ஓர் எண்ணை வைத்து எவ்வளவுக்கெவ்வளவு பெரிய முடிவுகளை எடுக்கிறோமோ, அவ்வளவுக்கவ்வளவு அந்த எண் கெட்டுப்போகும், அது அளக்க வந்த காரியத்தையும் சேர்த்துக் கெடுக்கும் என்று டொனால்ட் கேம்ப்பெல் என்ற சமூக அறிவியலாளர் 1970களிலேயே எழுதிவைத்துவிட்டுப் போனார்.

எங்கள் தெருவில் அவ்வளவு பெரிய நாடகமெல்லாம் இல்லை. ஒரு பையன் வந்தான், நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ‘ஆய்வுக்கு வர்றாங்க’ என்று ஒரு பத்தியை நகலெடுத்து எல்லாருக்கும் கொடுத்திருந்தார்கள். வாசித்துக் காட்டினான், மணி மாதிரி. எனக்குச் சந்தேகம். தாளை வாங்கித் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தேன். அப்போதும் மணி மாதிரி.

வாசி என்கிற வினையை நாம் வீணைக்கும் சொல்கிறோம், நாதஸ்வரத்துக்கும் சொல்கிறோம். இவன் அந்த வகை வாசிப்பு.

இப்போது, வேகமும் உச்சரிப்பும் போகட்டும், அர்த்தத்தையே சோதிக்கிற தேர்வுகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். ஒரு பத்தி, கீழே கேள்விகள், நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடு. அதில் என்ன கோளாறு?

1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 64 நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையை வாசிக்கக் கொடுத்தார்கள். பிள்ளைகளில் பாதி, வாசிப்புத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள்; பாதி, குறைவாக எடுத்தவர்கள். இரண்டு பக்கத்திலும் பேஸ்பால் நன்றாகத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று மறுபடி பிரித்தார்கள். வாசித்து முடித்ததும் ஒரு சின்ன மாதிரி மைதானத்தைக் கொடுத்து, பொம்மைகளை நகர்த்தி ஆட்டம் எப்படி நடந்தது என்று காட்டச் சொன்னார்கள். ‘மோசமான வாசிப்பு’ என்று பெயரெடுத்த, ஆனால் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், ‘நல்ல வாசிப்பு’ என்று பெயரெடுத்த, ஆட்டம் தெரியாத பிள்ளைகளைத் தாண்டிவிட்டார்கள்.

பேஸ்பால் நமக்கு ஒட்டாது. நம்மூரில் இதையே செய்வதாக இருந்தால் நான் ஜல்லிக்கட்டு வர்ணனையைக் கொடுப்பேன். வாடிவாசல், திமில், அணைமாடு என்று வருகிற ஒரு பக்கம். அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளை ‘சராசரிக்குக் கீழே’ என்று முத்திரை வாங்கியிருந்தாலும் காளை எப்படித் திரும்பியது என்று எழுந்து நின்று நடித்தே காட்டும். அண்ணாநகர் அடுக்குமாடிப் பிள்ளை அகராதி தேடும். மறுநாள் மெட்ரோ ரயில் பற்றிய பத்தியைக் கொடுங்கள், தலைகீழாகும். வாசிப்புத் திறன் என்று ஒன்று, எதைப் பற்றி என்கிற கேள்வியே இல்லாமல் தலைக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறது என்று தேர்வு நினைக்கிறது. ஒரு பகுதி அப்படி இருக்கிறது, மறுக்கவில்லை. மிச்சம் எல்லாம் பிள்ளை எங்கே பிறந்தது, எதைப் பார்த்து வளர்ந்தது என்பதுதான்.

நமக்கே இதில் ஒரு பழைய காயம் உண்டு. பல நாட்டு 15 வயதுப் பிள்ளைகளை அளக்கிற பிசா தேர்வின் 2009 சுற்றுக்குத் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டும் இந்தியாவிலிருந்து போயின. 74 இடங்கள் கொண்ட பட்டியலில் இரண்டும் அடிமட்டத்தில் நின்றன. கேள்விகள் நம் சூழலுக்குச் சம்பந்தமில்லாதவை என்று காரணம் சொல்லப்பட்டது. 2012, 2015, 2018 சுற்றுகளில் இந்தியா தலைகாட்டவில்லை. பாதி உண்மை, பாதி சாக்கு என்பது என் கட்சி. அந்தச் சுற்றின் மாதிரிகளாகப் பிற்பாடு வெளியிட்டவற்றில் ஒரு பத்தி, அலுவலகத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்ப்பது நல்லதா கெட்டதா என்று இரண்டு பேர் வாதிடுவது. 2009இல் விருதுநகர் மாவட்டத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு அதைக் காட்டியிருந்தால், வீட்டில் உட்கார்ந்தபடி ஆபீஸ் வேலையா என்று முதல் வரியிலேயே மிரண்டிருக்கும். அதே பத்தியை 2021இல் காட்டினால்? சித்தப்பா மாடியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பதை அது தினமும் பார்க்கிறது, சத்தம் போடாதே என்று அடியும் வாங்கியிருக்கிறது. பிள்ளையின் வாசிப்புத் திறனில் இடையில் எந்த மாயமும் நடக்கவில்லை. உலகம் பத்திக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற முறை பிறந்ததே ஒரு வாசிப்புத் தேர்வில்தான் என்பது எனக்குச் சமீபத்தில்தான் தெரிந்தது. 1915 வாக்கில் கான்சாஸில் ஃபிரெடரிக் கெல்லி என்பவர் உருவாக்கிய மௌன வாசிப்புத் தேர்வைத்தான் அதன் தொடக்கமாகச் சொல்கிறார்கள். ஆசிரியருக்கு ஆசிரியர் மதிப்பெண் மாறுகிறது, திருத்த நேரமும் ஆகிறது என்று அவர் கண்ட வழி அது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து 1917இல், அளவீட்டுக் கல்வியின் பிதாமகர்களில் ஒருவரான எட்வர்ட் தார்ண்டைக் ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளைகளிடம் ஒரு பத்தியைக் கொடுத்து, கேள்வி கேட்டு, அவர்கள் தங்கள் சொந்த வார்த்தையில் எழுதிய தப்பான விடைகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தார். பத்தியில் ஒரு சொல்லுக்கு மிதமிஞ்சிய எடை கொடுத்ததால் ஒரு விடை கோணியிருக்கிறது. இன்னொரு சொல்லை ஒப்புக்குக்கூட மதிக்காததால் இன்னொரு விடை. வாசிப்பது என்பது சிந்திப்பதுதான், கணக்குப் போடுகிற மாதிரியான வேலைதான் என்று முடிவுக்கு வந்தார். அளவீட்டுக்காரர் ஒருத்தரே பிழையை எண்ணாமல் பிழையை வாசித்த கட்டுரை அது. கல்வித்துறை கெல்லியின் வட்டங்களை எடுத்துக்கொண்டது. திருத்துவது சுலபம் பாருங்கள்.

அந்தச் சுலபத்துக்கு என்ன விலை என்று பார்க்க, சாரா ஹோல்புரூக் என்ற அமெரிக்கக் கவிஞரைக் கேட்க வேண்டும். டெக்சஸ் மாநிலத் தேர்வில் அவருடைய கவிதைகளைப் போட்டு அவற்றைப் பற்றிக் கேள்வி கேட்டிருந்தார்கள். தன் கவிதையைப் பற்றிய கேள்விகளுக்குத் தன்னாலேயே விடை சொல்ல முடியவில்லை என்று 2017இல் அவர் எழுதினார். கவிஞர் ஏன் இதை இரண்டு பகுதியாகப் பிரித்திருக்கிறார் என்று ஒரு கேள்வி. நாலு விடையிலும் உண்மையான காரணம் இல்லை. மேடையில் வாசிக்கும்போது அந்த இடத்தில் ஒரு நிறுத்தம் கொடுப்பாராம், அதனால் பிரித்தாராம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ‘அப்படியென்றால் சோதனையே வேண்டாமா’ என்று பின்னூட்டம் வரும். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பிரதம் அமைப்பின் ஏசர் அறிக்கை 2005இல் முதன்முதலாக வந்தபோது, பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டார்கள், வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்த நாட்டை அது உலுக்கியது. சேர்ந்தவர்கள் படிக்கவில்லை என்று காட்டியது. கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் வாசிக்க வரவில்லை என்று அது வருஷம் மாற்றி வருஷம் சொல்லிக்கொண்டே இருக்கிறது; அந்தத் தொல்லை இல்லாவிட்டால் இன்றைக்குக் கடைசி வரிசைப் பிள்ளையைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அதற்காக அது பார்ப்பது ஒரு மாவட்டத்துக்கு 30 கிராமம், ஒரு கிராமத்துக்கு 20 வீடுதான்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். என் அம்மா அகப்பையில் நாலு பருக்கை எடுத்து, ஒன்றை விரலால் நசுக்கிப் பார்ப்பார். பானை வெந்ததா என்று அதில் தெரியும். நசுக்கிய பருக்கையைப் பற்றி அம்மா ஒரு கருத்தும் சொன்னதில்லை. இது நல்ல பருக்கை, இது மெதுவாக வேகும் பருக்கை என்று பெயர் எழுதி வைத்ததில்லை. மாவட்டத்தின் நிலையைச் சொல்ல வந்த சோதனையை எடுத்து, ஒரு பிள்ளையின் தலையில் ‘சொல்’ என்று முத்திரை குத்துவதும், ஓர் ஆசிரியரைக் கூப்பிட்டு ‘உங்க வகுப்பில் ஏன் ‘கதை’ குறைவு’ என்று கேட்பதும் பருக்கையிடம் பதில் கேட்கிற வேலை. நான் திண்ணையில் பாட்டியிடம் “இன்னும் கொஞ்சம் படிக்கணும்” என்று சொன்னேனே, அதுவும் அந்த வேலைதான். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கூட்டலில் என் ஒரு டிக் தப்பானதால் மாவட்டத்தின் கணக்கு பெரிதாக மாறியிருக்காது. பாட்டிக்கு நான் சொன்ன பதில் மாறியிருக்கும்.

மாலை வகுப்பில் இப்போது நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளைக்கு இரண்டு பக்கம். மதிப்பெண் எழுதுவதில்லை, தாளில் இருந்தது ஒரு பக்கம், பிள்ளை சொன்னது மறுபக்கம். ‘ஏரி – ஏறி’. ‘கூறினார் – சொன்னாரு’. ‘மகிழ்ச்சி – மகிச்சி’. பத்து நாள் எழுதினால் போதும், இவனுக்கு ஒற்று வருகிற இடத்தில் கண் வழுக்குகிறது, இவளுக்கு எல்லாம் தெரிகிறது, வெட்கம்தான் என்று நோட்டே சொல்லிவிடும். எட்டுப் பிள்ளைக்கு இது முடியும். நாற்பது பிள்ளை, ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர் இருக்கிற பள்ளியில் இது முடியுமா என்று கேட்டால் எனக்குக் குரல் தாழ்ந்துவிடும்.

ஆனாலும் சில சமயம் ஆசைக்குக் கைபேசியில் நொடி ஓடவிடுவேன். பிள்ளைகளுக்கும் அது விளையாட்டு. போன மாசம் அந்தத் தலைகீழ்த்தாள் பையன் முறை. ஆட்டுக்குட்டி ஒன்று கிடையிலிருந்து தப்பிக் காட்டுக்குள் போகிற கதை. அவன் அப்பாவுக்கு ஆடு மேய்ப்பு. வழக்கம்போல மணி மாதிரி ஆரம்பித்தான். இரண்டாவது பக்கத்தில் நரியின் சத்தம் கேட்கிறது, குட்டி ஒரு புதருக்குள் போகிறது, மறுநாள் காலையில் மேய்ப்பவர் வந்து பார்க்கிறார் என்று வருகிற இடத்தில் டக்கென்று நின்றுவிட்டான்.

“ம், வாசிடா, நேரம் போகுது” என்று பக்கத்திலிருந்தவள் இடித்தாள்.

அவன் வாசிக்கவில்லை. பக்கத்தைப் பின்னால் திருப்பினான். விரலை வைத்து எதையோ தேடினான். மறுபடி முன்னால் வந்தான். ஒரு நிமிஷம் முடிந்து கைபேசி கத்தியது, நான் அணைத்தேன்.

“அக்கா, குட்டி செத்துப்போச்சா?”

கதையில் அப்படி எங்கேயும் எழுதவில்லை. பிழைத்தது என்றும் எழுதவில்லை. நான் புத்தகத்தை அவன் கையிலிருந்து வாங்கி, முதல் பக்கத்துக்குப் போய், மறுபடி வாசிக்க ஆரம்பித்தேன்.